கேமராவுக்குப் பூசிய திருநீறு

புதுக் கேமரா வாங்குகிற தம்பிகள் என்னைத் தேடி வந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "எந்தக் கோயில்ல பூசை போடலாம் அண்ணாச்சி?"

எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் போடுங்கள். மாலை சாத்துங்கள், எலுமிச்சம்பழம் சுற்றுங்கள், சூடம் காட்டுங்கள். லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பூசைக்கு யாராவது லென்ஸைக் கழற்றுவார்களா என்கிறார்கள். கழற்றினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வேலை அனுபவத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தாங்கள் செய்த தப்பைச் சொல்லி, அதிலிருந்து கற்றதைச் சொல்லி முடிப்பார்கள். இதில் தப்பு என்னுடையது இல்லை. நான் சொன்னது சரி. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். சிவகிரியில் லாரிக்குக் கிளீனர், புனலூரில் மர அறுவை மில், திருவேங்கடத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவுகிற வேலை என்று சுற்றிவிட்டு, கடைசியில் கல்யாண வீடியோவில் வந்து நின்றேன். நின்றேன் என்று சொல்வது கூடச் சரியில்லை. ஒரு ஊரில் வீட்டுக்காரர் முகம் பழகுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆன பிறகு கேமராவை வைத்துவிட்டேன். தென்காசியில் இருப்பது அதனால்தான். போக வேறு இடம் இல்லை.

கடைசியாக நான் செய்த பெரிய வேலை ஒரு பாட்டு வீடியோ. சினிமாப் பாட்டு இல்லை. சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பாடி, யூடியூபில் போடுகிற பாட்டு. பாடியவன் காஜா. தென்காசிக்காரன். வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இறைச்சிப் பெட்டி அடுக்குகிற வேலை. தடித்த கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போவது, வெளியே வந்து வெயிலில் வண்டியில் ஏற்றுவது, மறுபடி உள்ளே போவது. இப்படி வருடக்கணக்காக. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் குரல் கொஞ்சம் கரகரத்திருக்கும். டாக்டர் இந்த வேலையை விடச் சொல்லியிருந்தார்.

"இந்தப் பாட்டு நாலு பேரு கண்ணுல பட்டு, கச்சேரிக்கு கல்யாணத்துக்குன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்கன்னா, அடுத்த தடவ நான் திரும்பிப் போக வேண்டாம் அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னான். "இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா கூப்பிட்டாலும் பாடத் தொண்டை இருக்காது."

அவ்வளவுதான் விஷயம். அவனுக்கு லீவு முடிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் விமானம். எங்கள் கையில் ஒரு பகல் இருந்தது.

பாட்டை டேப்பில் பதிவு செய்து முடித்திருந்தார்கள் என்று எழுதவந்தேன், பழைய வாய். கம்ப்யூட்டரில் பதிவு செய்து முடித்திருந்தார்கள். படம் பிடிப்பது மட்டும் பாக்கி. இயக்குநர் செல்வம், இலஞ்சிப் பையன். அதுவரை வாடகைக் கேமராவில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தவன், இதற்கென்றே புதுக் கேமரா வாங்கியிருந்தான். அதை இயக்குகிற ஆள் நான். வண்டி ஓட்டவும், குற்றாலத்தில் கூட்டத்தை விலக்கவும் செல்வத்தின் தாய்மாமா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவுதான் எங்கள் படை.

புதுக் கேமராவோடு ரப்பரில் ஒரு குமிழ் வாங்கச் சொன்னேன். கேமராவுக்குள் தூசி விழுந்தால் அமுக்கி ஊதுகிற சின்னச் சாமான். செல்வம் அதை வாங்கவில்லை. கேமராவின் பெயர் அச்சடித்த பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். பாட்டுக்குப் போஸ்டரும் அடித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தான். அதிலும் கேமராவின் பெயர் பெரிதாக இருந்தது. காஜாவின் பெயர் கீழே இருந்தது.

காலையில் இலஞ்சி முருகன் கோயிலில் பூசை. ஐயர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, சூடம் காட்டிவிட்டுப் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமா கையில் திருநீறு மிச்சம் இருந்தது.

"ஏலே செல்வம், இதுக்குக் கண்ணு எங்கன இருக்கு?"

செல்வம் லென்ஸைக் காட்டினான். மாமா குனிந்து பார்த்தார்.

"இது கண்ணாடில்லா. நானுந்தான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேன். அதுக்கு மேலயா திருநீறு பூசுதேன்? கண்ணு உள்ள இருக்கும்லே. அதைக் கழத்து."

நான் குறுக்கே வந்தேன். "வேண்டாம் மாமா. உள்ள இருக்கது ரொம்ப நைசான சாமான். ஒரு தூசி விழுந்தாலும் எடுக்கிற படத்துல எல்லாம் தெரியும்."

"தூசியா?" மாமா நிமிர்ந்தார். ஸ்டேஷனில் நின்ற காலத்துக் குரல் வந்தது. "முருகன் கோயில் திருநீற தூசிங்கீரா வே?"

அக்கம்பக்கத்தில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காஜா செருப்பில்லாத தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செல்வத்தின் கையைப் பிடித்து, "கழத்தாத" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மாமா மகளைத்தான் அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். லென்ஸைக் கழற்றினான்.

மாமா மோதிர விரலால் திருநீற்றைத் தொட்டு, உள்ளே ஒரு ஓரமாக மெதுவாக வைத்தார். குழந்தைக்கு நெற்றியில் பூசினால் கண்ணில் விழாமல் இருக்க ஊதிவிடுவார்கள் இல்லையா? அதேபோல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஃபூ என்று ஊதிவிட்டார். அன்பாகத்தான் ஊதினார். அதையும் சொல்ல வேண்டும்.

கேமராவை நான் குப்புறக் கவிழ்த்துத் தட்டினேன். கொஞ்சம் உதிர்ந்தது. "சரியாயிட்டு அண்ணாச்சி" என்று செல்வம் லென்ஸை மாட்டிவிட்டான். காஜா வண்டியில் ஏறும்போது வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டான்.

குற்றாலத்தில் சீசன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் நல்ல கூட்டம். மாமா தனக்குத் தெரிந்த போலீஸ்காரர்களிடம் சொல்லி, ஒரு ஓரத்தில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தார். கேமராவைக் கண்டதும் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற ஆட்கள் குளிப்பதை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"ஹீரோ யாரு வே?"

"அந்தா நிக்காருல்லா."

"அவரா? நான் மேக்கப் போட வந்த ஆளுன்னு நெனச்சேன்."

காஜாவே சிரித்துவிட்டான். "எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு அண்ணாச்சி" என்றான். அவர்களுக்கு அவனைப் பிடித்துப்போனது. எண்ணெய்க் கையோடு கைதட்டினார்கள்.

பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. பாட்டுக்குச் சரியாக அவன் வாயசைக்க வேண்டும். மாமா ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சிவப்புத் துண்டைத் தாளத்துக்கு வீசினார். போக்குவரத்து போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல் இருந்தாலும், தாளம் தப்பவில்லை. அந்த மனிதருக்குத் தாளம் தெரியும். காஜா துண்டைப் பார்த்துப் பாடினான்.

மலையில சாரல் விழுது, என் சட்டை நனையலையே
மாசம் ஆனி பொறந்தாச்சு, நான் ஊரு திரும்பலையே

அவன் எழுதியதுதான். கிடங்குக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதியதாம்.

கேமராத் திரையில் காஜாவின் முகத்துக்கு மேலே, வானம் வெளுத்திருந்த இடத்தில், கறுப்பாகச் சில புள்ளிகள் தெரிந்தன. சாரல் துளி என்று லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை. கேமராவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். மலை நகர்ந்தது, அருவி நகர்ந்தது, காஜா நகர்ந்தான். புள்ளிகள் அங்கேயே நின்றன.

செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது திருநீறு. இதை இங்கன வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. என் பழைய கேமரா வண்டியில இருக்கு. இன்னைக்கு அதுல எடுத்திருவோம். இதை அப்படியே பையில போட்டு, நாளைக்கு சர்வீஸுக்குக் கொண்டு போ."

"அந்தக் கல்யாணக் கேமராவா? போஸ்டர்ல பேரு போட்டிருக்கேன் அண்ணாச்சி. அத்தன பேரும் இந்தக் கேமரா படத்தப் பாக்கத்தான் காத்திருக்கான்."

"பாட்டக் கேக்கக் காத்திருக்கான்னு நெனச்சேன்."

"நீரு பழைய ஆளு. உமக்குப் புரியாது."

சொல்லிவிட்டு, நான் பையை எடுக்கத் திரும்பிய நேரத்தில், லென்ஸைக் கழற்றி, கைக்குட்டையை உள்ளே விட்டுத் துடைத்தான். சாரல் அடிக்கிற இடத்தில் வைத்து. கைக்குட்டையும் ஈரம். ஈரம் பட்டால் திருநீறு என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் விட்டுக் குழைத்துத்தானே பட்டை போடுகிறோம்? மறுபடி மாட்டித் திரையில் பார்த்தால், புள்ளிகளோடு சேர்த்துக் குறுக்கே வெள்ளையாகக் கோடுகள். கேமரா அப்போதுதான் முழுதாகப் பட்டை போட்டுக்கொண்டது.

அப்போதும் அவன் நிறுத்தவில்லை. "எடுங்க அண்ணாச்சி, எடிட்டிங்கில பாத்துக்கிடலாம்" என்றான். தம்பிமாரே, நம் தொழிலில் இந்த ஒரு பேச்சைக் கேட்டால் கேமராவை இறக்கி வையுங்கள். நான் இறக்கி வைத்தேன். அவனே எடுத்தான். காஜா ஒன்றும் தெரியாமல், நனைந்த சட்டையோடு, மாமாவின் துண்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். நடுவில் என்னைப் பார்த்து, நல்லா வருதா என்று கையால் கேட்டான். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அதுவும் நெடுநேரம் இல்லை. மேலே மழை. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. அபாயச் சங்கு ஊதினார்கள். எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். மாமா துண்டையும் ஸ்பீக்கரையும் என்னிடம் தந்துவிட்டு, பணியில் இருப்பவர்போல் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனார். "ஏலே வெளியே வாங்கலே, சோப்ப அப்புறம் கழுவலாம்!" யாரும் சொல்லாமலே செய்தார். ஒரு கிழவனைக் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றியதைப் பார்த்தேன். மாமா கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தக் கதையில் கெட்ட மனிதர் யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வண்டி இலஞ்சிக்குத் திரும்பியது. செல்வம் முன் சீட்டில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, மதுரையில் யாரோ மெக்கானிக்கிடம் போனில் பேசிக்கொண்டே வந்தான். பின்னால் காஜா என்னிடம் மெதுவாகக் கேட்டான். "கேமரா கெட்டுப்போச்சா அண்ணாச்சி?"

"ஆமா."

"எடுத்ததெல்லாம்?"

"அதுவும்தான்."

"செல்வத்த ஏசாதீங்க. புதுச் சாமான். அவனுக்கும் வயிறு எரியும்லா" என்றான்.

இங்கேதான் நான் ஒரு முடிவெடுத்தேன். வண்டியை வயல் பக்கம் நிறுத்தச் சொன்னேன். என் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு காஜாவோடு வரப்பில் இறங்கினேன். செல்வம் வண்டியை விட்டு இறங்கவில்லை. மழை விட்டு, தென்னைக்குப் பின்னால் மலை கழுவிவைத்ததுபோல் இருந்தது. காஜா போனில் இடம் சொல்லியிருந்ததால், அதே நேரம் அவன் மனைவி மைமூன் ஆட்டோவில் சாப்பாடு கொண்டு வந்து இறங்கினாள். "என்னங்க, இன்னும் பெட்டி கட்டல. சாயங்காலம் காரு வந்துரும்" என்றாள்.

"ஒரு தடவ பாடிட்டு வந்துருதேன்."

"பாடுங்க, பாடுங்க. வீட்டுல பாடினா தண்ணி மோட்டரு ஓடுதுன்னு நிறுத்தப் போயிருதேன். இங்கனயாவது ஒழுங்காக் கேக்கேன்."

ஸ்பீக்கர் வேண்டாம் என்றேன். பதிவு செய்த பாட்டும் வேண்டாம். வாயசைக்க வேண்டாம், பாடு என்றேன். வெட்டாமல், இடம் மாற்றாமல், முழுப் பாட்டையும் ஒரே மூச்சாக எடுத்தேன். காலடியில் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் பாட்டோடு சேர்ந்து வந்தது. கடைசி அடியில் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைத் திருத்த மறுபடி பாடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். மைமூன் தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்று கேட்டாள். முடிந்ததும் கேலி பேசுவாள் என்று அவன் அவளைப் பார்த்தான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சாப்பாட்டைத் திறந்தாள்.

இத்தனை வருடத் தொழிலில் நான் எடுத்ததில் அதுதான் நல்லது. அதை எடுத்து வைத்ததால்தான் இந்தத் தொழிலைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு வாய் இருக்கிறது.

செல்வத்துக்கு அதைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். "கல்யாண வீடியோ மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒரே இடத்துல நின்னு பாடுதாரு. எவன் பாப்பான்?" என்றான். பாட்டு வெளியானபோது அதில் பெரும்பாலும் அருவிதான். எங்கிருந்தோ வாங்கிப் போட்ட ஆகாயக் காட்சிகள். காஜா வருகிற இடங்களில் புள்ளிகளை மறைக்கக் கம்ப்யூட்டரில் பட்டாம்பூச்சி பறக்கவிட்டிருந்தான். கோடுகளை மறைக்கப் பனிமூட்டம்.

வளைகுடாவிலிருந்து காஜா போன் செய்தான். அறையில் கூட இருக்கிறவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

"அண்ணாச்சி, என் மூஞ்சிக்கு மேல பட்டாம்பூச்சியாப் பறந்துக்கிட்டு இருக்கே, அது எதுக்கு? இவனுவ கேக்கானுவ. எனக்குச் சொல்லத் தெரியல."

வரப்பில் எடுத்ததை அவனுக்கு அனுப்பினேன். அவன் அதைத் தன் பெயரில் யூடியூபில் போட்டான். மறுநாளே தூக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டு செல்வத்தின் சேனலுக்குச் சொந்தம் என்று பதிவாகியிருந்ததாம். செல்வத்திடம் கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி, அது மிஷினு தானாப் பண்ணுது" என்றான். சரிசெய்கிறேன் என்றும் சொன்னான். செய்யவில்லை. அவனுக்கு நேரம் இல்லை. அருவிக் காட்சிகளைப் பார்த்துவிட்டு கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். செங்கோட்டை தாண்டியும் போய் எடுக்கிறான். கேமராவின் கண்ணை மாற்றிவிட்டான். மாமாவின் மருமகனும் ஆகிவிட்டான். கல்யாணப் பந்தியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தீரா வே? அன்னைக்கு வேண்டாம்னீரே. கண்ணத் தொறந்து திருநீறு பூசினதாலதான் பையன் இந்த ஏத்தம் ஏறியிருக்கான்" என்றார். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து குடித்தேன்.

தம்பிமாரே, சரியாகச் சொன்னால் போதாது. சொல்லிவிட்டு நகர்ந்து நிற்பதும் போதாது. கோயிலில் அன்று நான் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள், வேலை போயிருக்கும். அதற்காகப் பிடுங்குங்கள் என்று உங்களுக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நீங்களும் பிழைக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இன்னொரு நாள் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கிற நமக்கு எப்போதும் இன்னொரு நாள் இருக்கிறது.

காஜா அடுத்த லீவில் வந்தான். வாசலில் நின்று "அண்ணாச்சி" என்றபோது, வேறு யாரோ என்று நினைத்தேன். காற்றுதான் வந்தது, குரல் அதற்குள் எங்கோ இருந்தது. யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரப்பில் எடுத்ததைப் போடச் சொன்னான். இரண்டு பேரும் என் போனில் பார்த்தோம். முடிந்ததும், "பாடுதவன் நல்லாத்தான் பாடுதான். யாரு பெத்த புள்ளையோ" என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது.

பேரீச்சம்பழத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். திறந்தால் உள்ளே அந்த ரப்பர் குமிழ்.

"அங்கன ஒரு கடையில பாத்தேன். கேமராவுல தூசி விழுந்தா இத வச்சுத்தான் ஊதணுமாம்லா. வாயால ஊதக்கூடாதாம். கடைக்காரன் சொன்னான். உங்களுக்கு ஆகும்னு வாங்கினேன்."

நான் கேமராவை வைத்துவிட்டது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. கையில் வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். நல்ல காற்று வந்தது.

பெட்டி பிரித்தபடியே என் வீட்டில் இருக்கிறது. புதுக் கேமரா வாங்குகிறவர்கள் வந்து எடுத்துப் போகலாம்.